இரும்பையே நொறுக்கும் ஹைட்ரஜன்: கல்பாக்கம் குழாய்களும் கலாமின் பாஸ் பிரம்ம பிரகாஷும்!

சென்னையில் இருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு கனகம்மாசத்திரம் தெரிந்திருக்கும். திருவள்ளூர் தாண்டி, திருத்தணி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வரும் ஊர். அங்கிருந்து கிளைச்சாலையில் சில கிலோமீட்டர் போனால் திருவாலங்காடு. ராஜேந்திர சோழன் காலத்துப் புகழ்பெற்ற செப்பேடுகள் 1905-இல் கிடைத்தது அந்த ஊரில்தான். மொத்தம் 31 ஏடுகள். சுமார் 1,000 வருடங்களுக்குப் பிறகும் அதில் வெட்டிய எழுத்தைப் படிக்க முடிகிறது.

உலோகம் என்றாலே நமக்கு இந்த நினைப்புதான். ஓலை போகும், மரம் போகும். செம்பும் இரும்பும் நிற்கும். துருப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், அவ்வளவுதான்.

அதே கனகம்மாசத்திரத்தில் இருந்து நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்குள் கல்பாக்கம் இருக்கிறது. 1980களில் அங்கே இயங்கத் தொடங்கிய இரண்டு அணு உலைகளிலும், உலைக்கு 306 வீதம் உலோகக் குழாய்கள் மாட்டப்பட்டன. சாதாரணத் துரு அண்டாத, பார்த்துப் பார்த்துச் செய்த குழாய்கள். ஆனால் சுமார் இருபது வருடத்துக்குள் அத்தனையையும் கழற்ற வேண்டி வந்தது. முக்கியக் காரணம், உலகத்திலேயே மிகச் சிறிய அணு. ஹைட்ரஜன்.

அந்தக் குழாய்களுக்கான உலோகத்தை இந்தியாவிலேயே செய்துவிடலாம் என்று இறங்கி, அதற்கான ஆட்களையும் ஆலையையும் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் பிரம்ம பிரகாஷ். அவர் வாழ்க்கையையும், ஹைட்ரஜன் உலோகத்துக்குச் செய்யும் வேலையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகப் புரியும். ஒரு நாட்டின் தொழில்நுட்பத்தில் எது நீடித்து நிற்கும், எது நிற்காது என்பதுதான் அது.

யார் இந்த பிரம்ம பிரகாஷ்?

அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதில்லை. எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்தைக் கலாம் நடத்திக்கொண்டிருந்தபோது, திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநராக இருந்தவர் இவர். ஆனால் ராக்கெட் அவருடைய கடைசி அத்தியாயம். அதற்கு முன்பே ஒரு முழு வாழ்க்கையை உலோகத்தோடு கழித்திருந்தார்.

1912 ஆகஸ்ட் 21-ஆம் தேதி லாகூரில் பிறந்தார். படித்தது வேதியியல். பிறகு சாந்தி ஸ்வரூப் பட்நாகரின் தலைமையில் இயங்கிய அரசு ஆராய்ச்சித் துறையில் உலோகவியல் வேலை. 1946-இல் மேல்படிப்புக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனார். 1949-இல் அங்கே முனைவர் பட்டம் வாங்கினார். இடையில் 1947 வந்து போய்விட்டது. அவர் கிளம்பியபோது ஒரே நாட்டுக்குள் இருந்த லாகூர், படிப்பு முடிந்தபோது எல்லைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. பிறந்த ஊர் வேறு நாடாகிவிட்ட நிலையில், புதிதாகப் பிறந்த நாட்டில் வேலைக்கு வந்தார்.

அப்போது ஹோமி பாபா அணுசக்தித் திட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். இயற்பியலாளர்கள் கிடைத்தார்கள். ஆனால் அணு உலையைக் காகிதத்தில் கட்ட முடியாது. யுரேனியத்தை உருக்க வேண்டும், வார்க்க வேண்டும், உறை போட்டு மூட வேண்டும். அதற்கு உலோகம் தெரிந்த ஆள் தேவை. பிரம்ம பிரகாஷ் அந்த இடத்துக்கு வந்தார்.

1951-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராகப் போய், உலோகவியல் துறையின் முதல் இந்தியத் தலைவரானார். 1957 வரை அங்கே பாடம் நடத்திவிட்டு, மும்பை டிராம்பேவுக்குத் திரும்பினார். கனடா உதவியோடு கட்டப்பட்ட சைரஸ் ஆராய்ச்சி உலை 1960-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முதன்முதலாக நிரப்பிய எரிபொருளில் ஏறத்தாழ பாதி டிராம்பேயில் இந்தியர்கள் செய்தது. எல்லாவற்றையும் கனடாவில் இருந்தே வாங்கியிருக்கலாம். அது சுலபம்கூட. ஆனால் பாதியையாவது நாமே செய்தால்தான் அடுத்த உலைக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்ற கணக்கு அதில் இருந்தது.

சரி, ஹைட்ரஜன் உலோகத்துக்குள் என்ன செய்யும்?

திருத்தணி முருகன் கோயிலில் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 365 படியிலும் ஆட்கள். மேலே ஒருவர் ஒரு படி ஏறினால், அவர் நின்ற இடம் காலியாகும். அடுத்தவர் அங்கே ஏறுவார். காலியிடம் ஒரு படி கீழே வரும். மொத்தக் கூட்டமும் ஒரே நொடியில் நகருவதில்லை. இடைவெளி நகர்கிறது, அதனால் வரிசை நகர்கிறது.

உலோகமும் கிட்டத்தட்ட அப்படித்தான். அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஆனால் எந்த உலோகமும் நூற்றுக்கு நூறு ஒழுங்காக இருப்பதில்லை. சில இடத்தில் ஓர் அணு இருக்காது. சில இடத்தில் ஒரு வரிசை பாதியில் நின்று பிசகியிருக்கும். ஒரு படிகத் துகளும் இன்னொன்றும் சந்திக்கும் எல்லையில் ஒட்டுதல் சரியாக இருக்காது. இவைதான் குறைகள். கேட்க மோசமாக இருக்கும், ஆனால் இந்தக் குறைகள் இல்லாவிட்டால் உலோகம் வளையவே வளையாது. இரும்புக் கம்பியை வளைக்கும்போது உண்மையில் நடப்பது, உள்ளே பிசகிய வரிசைகள் இடம் மாறிக்கொண்டே போவதுதான்.

இப்போது அந்தக் கூட்டத்தில் பெரியவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடும் ஒரு பொடியனைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். அவன்தான் ஹைட்ரஜன். தனி அணுவாக இருக்கும்போது அது உலோக அணுக்களின் இடுக்கில் நுழைந்து, சாதாரண வெப்பநிலையிலேயே உள்ளுக்குள் அலையும். எங்கே இடம் தாராளமாக இருக்கிறதோ, எங்கே இழுவிசையால் வரிசை விரிந்திருக்கிறதோ, அங்கே போய் உட்காரும். அதாவது, ஏற்கெனவே குறை இருக்கும் இடங்களைத் தேடிப்போய்ச் சேரும்.

அங்கே சேர்ந்தபின் மூன்று விதமாகச் சேதம் நடக்கலாம். ஒன்று, அணுக்களின் பிணைப்பு தளர்ந்து, வளைய வேண்டிய எஃகு வளையாமல் கண்ணாடி மாதிரி படாரென்று உடையும். இரண்டு, உள்ளே இருக்கும் சின்னப் பொந்துகளில் இரண்டிரண்டு அணுவாகச் சேர்ந்து வாயுவாக மாறி, அழுத்தத்தால் உலோகம் உள்ளுக்குள் கொப்பளிக்கும். மூன்று, சிர்கோனியம், டைட்டானியம் போன்ற உலோகங்களில் ஹைட்ரஜன் உலோகத்தோடு வினைபுரிந்து ஹைட்ரைடு என்ற புதுப் பொருளாக மாறும். அது நொறுங்கக்கூடியது.

இது இன்றைக்கு நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1875-இல் வில்லியம் ஜான்சன் என்பவர் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை கொடுத்தார். அமிலத்தில் கொஞ்ச நேரம் ஊறிய இரும்புக் கம்பி வளைத்தால் உடைகிறது. உடைந்த இடத்தை நனைத்தால் நுரை வருகிறது. கம்பியைச் சும்மா போட்டு வைத்தால் சில நாளில் பழையபடி வளையத் தொடங்குகிறது. குற்றவாளி அமிலம் இல்லை, அமிலத்தில் இருந்து இரும்புக்குள் புகுந்த ஹைட்ரஜன்தான் என்று அவர் சொன்னார். ஒன்றரை நூற்றாண்டு ஆகியும், எஃகுக்குள் அணு அளவில் என்னதான் நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் விவாதம் ஓடுகிறது.

நம் ஊர் வெல்டிங் பட்டறைக்கும் இதில் பங்கு உண்டு. மழைக்காலத்தில் வெல்டிங் ராடு நமத்துப்போனால், அதன் பூச்சில் இருக்கும் ஈரம் தீப்பொறியில் பிரிந்து ஹைட்ரஜனை விடும். அது வெல்டுக்குள் இறங்கும். வெல்டு போட்ட அன்று எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ ஓரத்தில் விரிசல் வரும். முக்கியமான வேலைகளுக்கு ராடை அடுப்பில் காயவைத்து எடுப்பது இதனால்தான். முலாம் பூசிய வலுவான போல்டுகளை சுமார் 200 டிகிரியில் சில மணி நேரம் சுடவைப்பதும் இதனால்தான். சூட்டில் ஹைட்ரஜன் வெளியே போய்விடும்.

கடற்கரை மணலில் இருந்து அணு உலைக் குழாய்

சைரஸ் ஆராய்ச்சிக்கான உலை. மின்சாரம் எடுக்கும் உலை என்றால் கதை வேறு. கன நீர் சுமார் 300 டிகிரியில், காற்று மண்டல அழுத்தத்தைப்போல் 80 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில், குழாய்க்குள் ஓட வேண்டும். அந்தக் குழாய் நியூட்ரான்களை விழுங்கவும் கூடாது. விழுங்கினால் அணுப்பிளவு நின்றுவிடும். எஃகு நியூட்ரானை நிறையவே விழுங்கும். இந்த நிபந்தனைகளுக்குப் பொருந்தி வந்த உலோகம் சிர்கோனியம்.

இது நமக்கு அந்நியமான பொருள் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தின் சவராவிலும் கடற்கரை மணலில் சிர்கான் என்ற தாது கலந்திருக்கிறது. ஆனால் மணலில் இருந்து குழாய் வரைக்கும் வரும் வழி லேசுப்பட்டதில்லை. சிர்கோனியத்தோடு எப்போதும் ஹாஃப்னியம் என்ற இன்னொரு உலோகம் ஒட்டிக்கொண்டே இருக்கும். சுமார் 2 சதவிகிதம். வேதியியல் குணத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, பிரிப்பது பெரும்பாடு. ஆனால் ஹாஃப்னியம் நியூட்ரானை அள்ளி விழுங்கும். அதை 10 லட்சத்தில் 100 பங்குக்கும் கீழே கொண்டுவந்தால்தான் உலைக்கு ஆகும்.

டிராம்பேயில் பிரம்ம பிரகாஷ் தலைமையில் இருந்த உலோகவியல் குழு இந்த வழியைப் படிப்படியாகக் கற்றது. தாதுவை உடைப்பது, ஹாஃப்னியத்தைக் கரைப்பானில் பிரிப்பது, குளோரைடாக்கி மெக்னீசியத்தால் ஒடுக்கிப் பஞ்சு போன்ற உலோகமாக எடுப்பது, அதை வெற்றிடத்தில் உருக்குவது, பிறகு குழாயாக இழுப்பது. ஆய்வகத்தில் சில கிலோவில் கைவந்ததை ஆலை அளவுக்குக் கொண்டுபோக, ஹைதராபாத்தில் அணு எரிபொருள் வளாகம் உருவானது. அந்தத் திட்டத்தின் தொடக்கத்தில் தலைமை தாங்கியவர் அவர். 1970களின் தொடக்கத்தில் அங்கே உற்பத்தி ஆரம்பித்தது. அதே வளாகத்தின் சிர்கோனியம் ஆலை ஒன்று 2009-இல் தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலிலும் வந்தது.

எதற்கு இவ்வளவு சிரமம் என்ற கேள்விக்கு 1974 பதில் சொன்னது. பொக்ரானில் இந்தியா அணுச் சோதனை நடத்தியதும் கனடா தன் உதவியை நிறுத்திவிட்டது. கல்பாக்கம் உலைகளை வெளியாள் கை கொடுக்காமல்தான் கட்டி முடிக்க வேண்டியிருந்தது. குழாய்க்கும் எரிபொருளுக்கும் யார் கதவையும் தட்ட முடியாத அந்த நேரத்தில், ஹைதராபாத் ஆலை ஓடிக்கொண்டிருந்தது.

சிர்கோனியத்தின் பலவீனம்

இவ்வளவு நல்ல உலோகத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. சூடான தண்ணீர் படும்போது சிர்கோனியம் மெல்ல மெல்ல அதிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். மேலே கருமையாக ஒரு ஆக்சைடு படலம் உருவாகும். அது உலோகத்தைக் காப்பாற்றும். ஆனால் ஆக்ஸிஜன் போனபின் தண்ணீரில் மிஞ்சுவது ஹைட்ரஜன். கன நீர் என்றால் அதன் கனமான உடன்பிறப்பான டியூட்டீரியம். உலோகத்துக்குள் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். அதில் ஒரு பகுதி படலத்தைத் தாண்டி உலோகத்துக்குள் இறங்கிவிடும்.

சூடான காபியில் சர்க்கரை நன்றாகக் கரையும், ஆறினால் அடியில் தங்கும். ஹைட்ரஜனும் சிர்கோனியத்தில் அப்படித்தான். 300 டிகிரியில் 10 லட்சத்துக்குச் சுமார் 65 பங்கு ஹைட்ரஜன் கரைந்து நிற்கும். அதுவரை பெரிய பிரச்சினை இல்லை. உலையை நிறுத்தி ஆறவிட்டால், அறை வெப்பநிலையில் ஒரு பங்குகூடக் கரைந்து நிற்காது. மீதி எல்லாம் மெல்லிய தகடுகளாக ஹைட்ரைடாக உறைந்துவிடும். அந்தத் தகடு தான் எடுத்துக்கொண்ட உலோகத்தைவிடச் சுமார் 17 சதவிகிதம் அதிக இடம் கேட்கும். சுற்றியுள்ள உலோகத்தை நெட்டித் தள்ளும்.

ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தால் இன்னும் ஆபத்து. கீறலின் முனையில் உலோகம் இழுபட்டு விரிந்திருக்கும். ஹைட்ரஜன் அங்கே வந்து சேரும், ஹைட்ரைடாக உறையும், அது உடையும், கீறல் ஒரு துளி முன்னேறும். புது முனையில் திரும்பவும் ஹைட்ரஜன் சேரும். சத்தமே இல்லாமல், படிப்படியாக, மாதக்கணக்கில் இது நடக்கலாம்.

இந்த ஆபத்து 1950களிலேயே உலகத்துக்குத் தெரியும். முதலில் வந்த சிர்கலாய்-2 கலவையில் இருந்த நிக்கல் ஹைட்ரஜனை அதிகமாக உறிஞ்ச வைக்கிறது என்று கண்டுபிடித்து, அதை நீக்கித்தான் எரிபொருள் உறைகளுக்கு சிர்கலாய்-4 செய்தார்கள். எரிபொருள் வில்லைகளில் கொஞ்சம் ஈரம் இருந்தால்கூட உறை உள்ளே இருந்து ஓட்டையாகும் என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. அதனால்தான் அணு எரிபொருள் தொழிற்சாலைகளில் ஈரத்தைக் காய்ச்சி விரட்டுவது ஒரு பெரிய வேலை. ஆனால் அழுத்தக் குழாய்களைப் பொறுத்தவரை, நீண்ட காலத்தில் ஹைட்ரஜன் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை அன்று யாரும் சரியாகக் கணித்திருக்கவில்லை. கனடாவின் ஆரம்பகால உலைகளிலும் சரி, கல்பாக்கத்திலும் சரி, மாட்டப்பட்டது சிர்கலாய்-2 குழாய்கள்தான்.

அணுவில் இருந்து ராக்கெட்டுக்கு

1971 டிசம்பர் 30-ஆம் தேதி விக்ரம் சாராபாய் திடீரென இறந்தார். தும்பாவைச் சுற்றித் தனித்தனியாக இயங்கிய விண்வெளிப் பிரிவுகள் 1972-இல் ஒரே மையமாக இணைக்கப்பட்டன. அதற்கு முதல் இயக்குநராக ஒரு ராக்கெட் நிபுணரைப் போடாமல், அறுபது வயதை எட்டிய உலோகவியலாளரான பிரம்ம பிரகாஷை சதீஷ் தவான் கொண்டுவந்தார். இளம் பொறியாளர்கள் நிறைந்த, ஆளுக்கொரு திசையில் இழுக்கும் அமைப்பை ஒரே வீடாக மாற்ற ஒரு நிதானமான மூத்தவர் தேவைப்பட்டார். 1979 வரை அவர் அந்த வேலையைச் செய்தார். கலாம் என்ற ராமேசுவரத்துப் பொறியாளர் எஸ்.எல்.வி.-3 திட்டத்தை நடத்தியது அவருடைய அந்தக் காலத்தில்தான்.

எஸ்.எல்.வி.-3 முதல் முயற்சி 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பிக் கடலில் விழுந்தது. அடுத்த முயற்சி 1980 ஜூலை 18-ஆம் தேதி வென்றது. கனகம்மாசத்திரத்தில் இருந்து பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டா வடகிழக்கே, கல்பாக்கம் தென்கிழக்கே; இரண்டும் ஏறத்தாழ சம தூரம். இரண்டு இடத்திலும் இந்த ஒரே மனிதரின் உழைப்பு உண்டு.

ராக்கெட்டிலும் ஹைட்ரஜன் பயம் விடாது. எஃகு எவ்வளவுக்கு எவ்வளவு வலுவோ, அவ்வளவுக்கு அவ்வளவு ஹைட்ரஜனுக்கு எளிதில் உடையும். பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்ட மோட்டார் உறை, மாரேஜிங் எஃகு என்ற மிக வலுவான எஃகால் ஆனது. அதை உருக்கும்போதும், வெல்டு போடும்போதும், அமிலத்தில் கழுவும்போதும் ஹைட்ரஜன் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட சிறப்பு உலோகங்களை நாட்டுக்குள்ளேயே செய்வதற்காக 1973-இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட நிறுவனம் மிதானி. அதை உருவாக்கும் திட்டத்திலும் பிரம்ம பிரகாஷுக்குப் பங்கு இருந்தது.

1983: ஒரே மாத இடைவெளியில் இரண்டு செய்திகள்

1983 ஜூலை 2-ஆம் தேதி கல்பாக்கத்தின் முதல் உலை உயிர்பெற்றது. பெரும்பாலும் இந்தியக் கைகளால் கட்டப்பட்ட அணுமின் உலை. அணுசக்தித் துறைக்கே கொண்டாட்டம்.

சரியாக ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஆகஸ்ட் 1-ஆம் தேதி கனடாவின் பிக்கரிங் அணுமின் நிலையத்தில், இரண்டாவது உலையின் ஒரு அழுத்தக் குழாய் நீளவாக்கில் பிளந்தது. பிளவின் நீளம் சுமார் 2 மீட்டர். உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள், யாருக்கும் காயம் இல்லை. ஆனால் காரணம் தெரிந்தபோது அந்த வகை உலை வைத்திருந்த எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைந்தது.

ஒவ்வொரு அழுத்தக் குழாய்க்கும் வெளியே குளிர்ச்சியாக இன்னொரு குழாய் உண்டு. இரண்டும் தொடாமல் இருக்க நடுவில் வளையம் மாதிரி ஸ்பிரிங் மாட்டியிருக்கும். பிக்கரிங்கில் அந்த ஸ்பிரிங் இடம் நகர்ந்துவிட்டது. நாளாக ஆக அழுத்தக் குழாய் தொய்ந்து, வெளிக் குழாயைத் தொட்டது. தொட்ட இடம் மட்டும் குளிர்ந்தது. ஹைட்ரஜன் சூடான இடத்தை விட்டுக் குளிர்ந்த இடத்துக்கு நகரும் குணம் கொண்டது. மொத்தக் குழாயில் பரவியிருந்தது அந்த ஒரு புள்ளிக்கு வந்து, ஹைட்ரைடு கொப்புளமாக வீங்கி, விரிசல் விட்டது. குழாய் சிர்கலாய்-2. கல்பாக்கத்தில் அப்போதுதான் மாட்டியிருந்த அதே ரகம்.

1984 ஜனவரி 3-ஆம் தேதி பிரம்ம பிரகாஷ் காலமானார். 71 வயது. பத்மஸ்ரீ, பத்மபூஷண், பட்நாகர் விருது எல்லாம் ஏற்கெனவே வந்திருந்தன. அதே ஜனவரி மாதக் கடைசியில் கல்பாக்கம் முதல் உலை வணிக ரீதியாக மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. உலை ஓடத் தொடங்கிவிட்டது, குழாய்க்குள் ஹைட்ரஜன் கணக்கும் ஓடத் தொடங்கிவிட்டது.

கழற்றி மாட்டிய கதை

அடுத்த இருபது வருடம் இந்திய விஞ்ஞானிகள் அந்தக் குழாய்களை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள். உலையை நிறுத்தும் நேரங்களில் உள்ளே கருவிகளை அனுப்பி, குழாய் எவ்வளவு தொய்ந்திருக்கிறது, ஸ்பிரிங் எங்கே நகர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். குழாயின் உட்பக்கத்தில் இருந்து மெல்லிய சீவல் எடுத்து, அதில் எவ்வளவு ஹைட்ரஜன் ஏறியிருக்கிறது என்று சோதித்தார்கள். நகர்ந்த ஸ்பிரிங்குகளைத் திரும்ப இடத்துக்குக் கொண்டுவரும் முறைகளையும் உருவாக்கினார்கள். இவற்றை விலைக்கு வாங்கும் நிலைமை இல்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்திலேயே யோசித்து, செய்து பார்த்து, திருத்தி உண்டாக்கினார்கள்.

அளவு சொன்ன முடிவு ஒன்றுதான்: குழாய்கள் எதிர்பார்த்த ஆயுளுக்கு வெகு முன்பே ஓய்வு பெற வேண்டும். முதலில் ராஜஸ்தானின் இரண்டாவது உலை. மொத்தக் குழாய்களையும் மாற்றும் வேலை அங்கே 1998-இல் முடிந்தது. 2002-இல் கல்பாக்கத்தின் இரண்டாவது உலை நிறுத்தப்பட்டது, அடுத்து முதல் உலை. கதிர்வீச்சு உள்ள இடம் என்பதால் கழற்றுவதும் மாட்டுவதும் தூரத்தில் இருந்து இயக்கும் கருவிகளால்தான். உலைக்கு 306 குழாய், ஒன்றுவிடாமல்.

புதிதாக மாட்டியவை சிர்கோனியத்தில் 2.5 சதவிகிதம் நியோபியம் கலந்த குழாய்கள். இவை ஹைட்ரஜனை மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஸ்பிரிங்குகளும் எளிதில் நகராத ரகம். செய்து கொடுத்தது, பிரம்ம பிரகாஷ் தொடங்கி வைத்த அதே ஹைதராபாத் வளாகம்.

முதல் தலைமுறைக் குழாய் தோற்றது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தோற்ற குழாயை எடுத்துப் பார்த்து, ஏன் தோற்றது என்று புரிந்துகொண்டு, அதைவிட நல்ல குழாயைச் செய்யும் திறமை நாட்டுக்குள் இருந்தது. சைரஸ் எரிபொருளில் பாதியை நாமே செய்வோம் என்று முடிவெடுத்த நாளில் இருந்து சேர்ந்த திறமை அது. குழாய்களை விலைக்கு வாங்கியிருந்தால் இரண்டு உலைகளும் அன்றோடு நின்றிருக்கலாம்.

இப்போ இது ஏன் முக்கியம்?

ஏனென்றால் ஹைட்ரஜன் இனி அணு உலைக்குள் மட்டும் இருக்கப் போவதில்லை. 2023 ஜனவரியில் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. சென்னை ஐ.சி.எஃப். ஆலை ஹைட்ரஜனில் ஓடும் ரயிலைச் செய்து சோதித்திருக்கிறது. இத்தனை ஹைட்ரஜனையும் ஏதோ ஒரு உலோகத்துக்குள்தான் அடைக்க வேண்டும், ஏதோ ஒரு குழாயில்தான் அனுப்ப வேண்டும். வால்வு, பம்பு, வெல்டு, போல்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஜான்சன் 1875-இல் பார்த்த அதே கேள்வி காத்திருக்கிறது.

பதில் ஒரே வரியில் கிடையாது. எந்த எஃகு, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு சூடு, எத்தனை தடவை நிரப்பிக் காலி செய்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். மிக வலுவான எஃகைத் தேர்ந்தெடுப்பது சில நேரம் தப்பான முடிவாகக்கூட ஆகலாம். அதனால் இதில் தேவைப்படுவது நல்ல உலோகம் மட்டுமல்ல, அதைத் தொடர்ந்து அளந்து, நேரத்துக்கு மாற்றத் தெரிந்த ஆட்களும்தான்.

கல்பாக்கத்தில் இந்திய உலோகவியல் கழகத்தின் கிளை, பள்ளி மாணவர்களுக்காக நடத்தும் அகில இந்தியப் பொருளறிவியல் விநாடி வினா ஒன்று உண்டு. நாட்டின் பல ஊர்களில் இருந்து பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் அங்கே வந்து உட்கார்ந்து, உலோகம் ஏன் வளைகிறது, ஏன் உடைகிறது என்ற கேள்விகளுக்கு பஸ்ஸரை அழுத்துகிறார்கள். அந்தப் போட்டி பிரம்ம பிரகாஷ் பெயரில்தான் நடக்கிறது.